பௌர்ணமிச் சோறு

பௌர்ணமி முடிந்த மூன்றாம் நாள் காலை, உண்ணாமலை முப்பத்தெட்டுப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள். செங்கம் ரோட்டில், ரமணாசிரமம் தாண்டி இருக்கும் ஒரு விடுதியின் விரிப்புகள் அவை. மற்ற நாளில் பத்தோ பன்னிரண்டோ வரும். பௌர்ணமி என்றால் ஒரே அறையில் ஆறு பேர் படுத்து எழுந்து போவார்கள். விரிப்பில் விபூதி இருக்கும், நடந்த காலுக்குத் தேய்த்த தைலம் இருக்கும், புளிசாதத்தின் எண்ணெய் இருக்கும். விரிப்பு ஒன்றுக்கு எட்டு ரூபாய். தைலக் கறைக்குத் தனிக் காசு வேண்டும் என்று அவள் நாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பார்க்கலாம் என்று அவர்களும் நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

துவைகல்லுக்குப் பக்கத்தில் ரவா படுத்திருந்தது. வறுத்த ரவை நிறத்தில் இருப்பதால் நாய்க்கு அந்தப் பெயர். மற்ற நாளாயிருந்தால் ஈர விரிப்பின் முனையைக் கவ்வி இழுத்து, இரண்டு திட்டு வாங்கிய பிறகுதான் நகரும். இன்று நுரைத்தண்ணீர் காலடியில் ஓடியும் எழுந்திருக்கவில்லை. விடிந்ததிலிருந்து இரண்டு முறை மஞ்சளாக வாந்தி எடுத்திருந்தது. வயிறு உப்பி, தொட்டால் விறைத்தது.

"ஏங்க, இது இன்னிக்கும் தண்ணிகூட வாங்கல," என்றாள்.

அவள் கணவன் தருமன் வாசலில் ஆட்டோவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். "ரெண்டு நாள் பட்டினி கெடந்தா தானா சரியாப் போவும். ரோட்டுல கண்டதையும் தின்னுட்டு வந்துக்குது." துடைப்பதை நிறுத்தினான். "பௌர்ணமி அன்னிக்கு அவசரத்துல கேட்டுக்குக் கொக்கி போட்டனா இல்லியான்னுதான் தெரியல. போட்ட மாதிரியும் இருக்குது, போடாத மாதிரியும் இருக்குது."

உண்ணாமலை அடுத்த விரிப்பை வாளியில் முக்கினாள். அவன் கொக்கியைப் போட்டுவிட்டுத்தான் போனான். ஆட்டோ சந்து முனையில் திரும்பிய பிறகு அந்தக் கொக்கியை எடுத்துவிட்டவள் அவள்தான்.

கீழ்பென்னாத்தூருக்கு உள்ளே தள்ளி, நெல்லும், மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் போடுகிற குடும்பத்தில் பிறந்தவள் உண்ணாமலை. அங்கே மாட்டுக்கு விலை உண்டு, ஆட்டுக்கு விலை உண்டு, அடைகாக்கிற கோழிக்குக்கூட ஒரு விலை உண்டு. நாய்க்குக் கிடையாது. மிச்சம் இருந்தால் சோறு வைப்பார்கள். இல்லாவிட்டால் அது தன் பாட்டைப் பார்த்துக்கொள்ளும். கல்யாணமாகி டவுனுக்கு வந்த பிறகு, விடுதியில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரம்மாள் தெருநாயின் சொறிக்கு மருந்து வாங்க எண்ணூறு ரூபாய் எடுத்துக் கொடுத்ததைப் பார்த்தாள். அறை பெருக்குகிற பெண்களோடு சேர்ந்து இரண்டு நாள் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தவள்தான் அவளும்.

கிரிவலத்துக்குத் தடை போட்டிருந்த வருஷத்தில் ரவா வந்தது. விடுதிகள் பூட்டிக் கிடந்தன, ஆட்டோ நின்றுபோயிருந்தது, ரேஷன் அரிசியில் நாள் ஓடியது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஊர் போட்ட சோற்றில் வளர்ந்த நாய்கள் செங்கம் ரோட்டில் எலும்பும் தோலுமாக அலைந்தன. அதில் ஏதோ ஒன்று போட்ட குட்டி, ஒரு நாள் வந்து துவைகல்லின் அடியில் படுத்துக்கொண்டது. துவைக்கத் துணியே இல்லை, கல் சும்மாதானே கிடக்கிறது என்று விட்டுவிட்டாள். கஞ்சியில் ஒரு கரண்டி ஊற்றினாள். வேறொன்றும் பெரிதாக நடக்கவில்லை.

ஐந்து வருஷத்தில் அந்த ஒரு கரண்டி பெரிதாகிவிட்டது. கோழிக்கடையிலிருந்து காலும் தலையுமாக வாரம் மூன்று பை, நொய்யரிசி, கால் லிட்டர் பால், உண்ணிக்குப் பவுடர், வருஷத்துக்கு ஒரு தடுப்பூசி. போன ஆடி மாசம் தருமன் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தான்.

"மாசம் ஆயிரத்து எட்நூறு. இன்னாத்துக்கு? பால் கறக்குதா, முட்டை போடுதா? நம்ம ஊட்ல திருட வர்றவன் பாவப்பட்டு எதனா வெச்சிட்டுதான் போவான். அதுக்கு ஒரு காவலு."

செலவைக் குறை, இல்லையென்றால் எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றான். "ஆயிரத்துல முடிச்சுக் காட்டறேன்," என்றாள் உண்ணாமலை. காட்டவும் செய்தாள்.

வழி சுலபமாக இருந்தது. ஊரே சோறு போடுகிற ஊரில் ஒரு நாய்க்கு எதற்குச் சமைக்க வேண்டும்? பௌர்ணமிக்கு முன்னும் பின்னும், பிரதோஷத்தில், சனி ஞாயிறில் என்று கிரிவலப் பாதையில் யாராவது அன்னதானம் கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். பாதி தின்று பாதி எறிந்த பொட்டலங்கள் ரோட்டோரம் கிடக்கும். அந்த நாட்களில் அவள் விடிகாலையில் எழுந்து கேட்டைத் திறந்துவிடுவாள். ஏழு மணிக்குள் ரவா வயிறு புடைக்க வந்து சேர்ந்துவிடும். மாசத்தில் பதிமூன்று பதினாலு நாள் நாய்ச்சோறு அடுப்பில் ஏறாது.

இது தருமனுக்குத் தெரியக் கூடாது. ஆடிக்கு முன்னாலேயே, சித்திரைப் பௌர்ணமி அன்று ரவா வெளியே போய், வெறுங்காலோடு நடக்கிற கூட்டத்துக்குள் ஓடியதில், எந்த ஊரோ ஒரு அம்மாள் தடுக்கி விழுந்துவிட்டாள். மகன்காரன் வீடு தேடி வந்து சத்தம் போட்டான். சந்தே வேடிக்கை பார்க்க, தருமன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எக்ஸ்ரேவுக்குக் காசு கொடுத்து அனுப்பிய கையோடு கேட்டுக்கு இரும்புக் கொக்கி ஒன்றை வெல்டிங் வைத்தான். "இனிமே இது ரோட்டுல கால் வெச்சுதுன்னா நானே வண்டில ஏத்திக்கினு போய் சாத்தனூர் காட்டுல உட்ருவேன்," என்றான். சொன்னால் செய்கிறவன்.

இந்தப் பௌர்ணமி அன்று ரவா ஏழு மணிக்கு வரவில்லை. சவாரி முடித்து ஒன்பது மணிக்குத் திரும்பிய தருமன், கேட்டுக்கு வெளியே அதைப் பார்த்துவிட்டு, "எப்டி வெளிய போச்சு?" என்று கேட்டான். "கேட்டு தொறந்து கெடந்துச்சு," என்றாள் உண்ணாமலை. அதில் பொய் ஒன்றும் இல்லை. மீதியை அவனே சேர்த்துக்கொண்டான்.

பத்து விரிப்புகள் மிச்சமிருக்கும்போது ரவா எழுந்து நிற்கப் பார்த்துச் சரிந்தது. உண்ணாமலை கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அதைத் தூக்கி ஆட்டோவில் போட்டாள். தருமன் வண்டியைக் கிளப்பினான். அரசு கால்நடை மருத்துவமனையில் ஊசி போட்டு, உடனே ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். போளூர் ரோட்டில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கே ஸ்கேன் எடுத்த டாக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது.

"குடல்ல அடைப்பும்மா. பிளாஸ்டிக் மாதிரி தெரியுது, உருண்டையா சிக்கியிருக்கு. இன்னிக்கே தொறந்து எடுக்கணும். நாளைக்குன்னா குடல் அழுகிடும்."

"எவ்ளோ ஆவும் டாக்டர்?" என்றான் தருமன்.

"ஆபரேஷன், மருந்து, நாலு நாள் டிரிப்ஸ், எல்லாம் சேத்து பதினெட்டாயிரம். அப்பவும் பொழைக்கும்னு நான் கேரண்டி குடுக்க மாட்டேன். பாதிக்குப் பாதி." டாக்டர் கையுறையைக் கழற்றினார். "வேணாம்னா சொல்லுங்க. கஷ்டப்படாம அனுப்பறதுக்கு ஒரு ஊசி இருக்கு. அதுல தப்பில்ல, நெறைய பேர் அதைத்தான் கேக்கறாங்க. ரெண்டு மணிக்குள்ள சொல்லிடுங்க. அதுக்கு மேல தாங்காது."

மணி பன்னிரண்டு.

வெளியே பெஞ்சில் ஒரு பெரியவர் வெள்ளாட்டைக் காலுக்கிடையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெயர் மண்ணாங்கட்டி, கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் என்று கேட்காமலே சொன்னார்.

"எத்தினி கேட்டாரு?"

"பதினெட்டாயிரம்," என்றாள் உண்ணாமலை.

அவர் ரவாவை நன்றாகக் குனிந்து பார்த்தார். "என் ஆட்டுக்கு ரெண்டாயிரத்து ஐந்நூறு சொன்னாரு. ஆடு பன்னண்டாயிரம் போவும். வைத்தியம் பாக்கலாம். இதே நாலாயிரம் போற குட்டின்னா யோசிச்சிருப்பேன். கணக்கு சுளுவு. உங்க நாய் இன்னா வெலைக்குப் போவும்?"

"தெரு நாய்க்கு இன்னா வெல?"

"அப்ப எதை வெச்சுக்கினு கணக்குப் பாப்பீங்க?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். உண்ணாமலை ரவாவின் காதை நீவிக்கொண்டிருந்தாள். அவள் அப்பா உயிரோடு இருந்தால் இதையேதான், இதே குரலில்தான் கேட்டிருப்பார்.

பணம் இல்லாமல் இல்லை. வீட்டில் பீரோவுக்குள் இருபத்தோராயிரம் இருந்தது. வெள்ளிக்கிழமை ஆட்டோவுக்கு எஃப்.சி. காட்ட வேண்டும், அதற்கு முன்னால் டயர், டிங்கரிங், பெயிண்ட், இன்சூரன்ஸ். எஃப்.சி. இல்லாத வண்டியை ரோட்டில் எடுக்க முடியாது. அடுத்த மாசம் கார்த்திகை தீபம். அந்தப் பத்து நாள் ஓட்டத்தை நம்பித்தான் அவர்கள் வருஷமே ஓடுகிறது. பேப்பர் சரியாக இருக்கிற வண்டிக்குத்தான் அப்போது பாஸ் கிடைக்கும்.

தருமன் வாசலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு உள்ளே வந்தான்.

"நான் போய் எடுத்துக்கினு வரேன்."

"எதை?"

"பீரோல இருக்கறத."

"எஃப்.சி.க்கு இன்னா பண்ணுவீங்க?"

"அத அப்பால பாக்கலாம். கொக்கி போடாம போனது நானு. என் அஜாக்கிரதைக்கு ஒரு வாயில்லா ஜீவன் சாவறதா? அது சரியில்ல உண்ணா."

அவள் வாயைத் திறந்தாள். சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் பணம் வராது. அதைப் பேசித் தீர்ப்பதற்குள் இரண்டு மணி ஆகிவிடும். இவ்வளவும் அவளுக்கு ஒரே மூச்சில் தோன்றியது.

"பாத்து ஓட்டுங்க," என்றாள்.

அவன் திரும்பி வந்தபோது ஆட்டோவில் மகள் அபிநயாவும் இருந்தாள். மருந்துக்கடையில் பில் போடுகிறவள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவள், அப்பா பீரோவைத் திறப்பதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமலே ஏறிக்கொண்டிருக்கிறாள்.

"அம்மா, இது நெஜமா? வண்டிக் காச எடுத்து நாய்க்கா?"

"மெதுவாப் பேசுடி."

"பத்தாவது படிக்கறப்போ என் பல்லுக்குக் கம்பி கட்ட இருபதாயிரம் ஆவும்னாங்க. நீ இன்னா சொன்னே? பல்லு எப்டி இருந்தா இன்னா, சோத்த மெல்லுதில்ல, அது போதும்னே. நான் இன்னிவரைக்கும் வாயப் பொத்திக்கினுதான் சிரிக்கறேன்."

"அப்ப காசு இல்ல அபி."

"இப்ப மட்டும் இருக்குதா? இது உன் காசா?"

பெண் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட இல்லை என்று சொல்ல முடியாது. தருமன் குறுக்கே வந்தான்.

"அவள உடு. தப்பு பண்ணவன் நானு. என்னைக் கேளு."

"நீ இன்னா தப்பு பண்ணே?"

"கொக்கி போடாம வண்டிய எடுத்துக்கினு போயிட்டேன். அதான் இது வெளிய போயி கண்டதையும் தின்னுட்டுது."

அபிநயா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பௌர்ணமி அன்று விடிகாலை கரண்டு போயிருந்தது, புழுக்கம் தாங்காமல் இவள் ஜன்னலோரம் எழுந்து உட்கார்ந்திருந்தாள் என்பது உண்ணாமலைக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

"அம்மாவக் கேளுப்பா," என்றாள் அபிநயா.

"எதைக் கேக்கறது?"

உண்ணாமலை மகளின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கெஞ்சவும் இல்லை. மடியில் ரவா ஒரு முறை முனகி, உடம்பை இறுக்கிக்கொண்டது. சுவரில் மணி ஒன்றே முக்கால்.

"ஒண்ணுமில்ல," என்றாள் அபிநயா. "எங்க கையெழுத்துப் போடணும்னு கேளு, போ."

தருமன் பணத்தை எண்ணிக் கொடுத்தான். கையெழுத்துப் போட்டான். ரவாவை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். அபிநயா அம்மாவிடம் பேசாமல் பஸ் பிடித்துக் கடைக்குப் போய்விட்டாள்.

நாலரை மணிக்கு டாக்டர் ஒரு எவர்சில்வர் தட்டோடு வெளியே வந்தார். தட்டில் பாலித்தீன் கவர்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு பெண்பிள்ளையின் பின்னல் மாதிரி கிடந்தன. ஏழெட்டு ரப்பர் பேண்டு. தொன்னையின் வெள்ளித்தாள். ஒரு கவரில் 'உபயம்' என்ற எழுத்து மட்டும் அழியாமல் இருந்தது.

"மூச்சு இருக்கு. மூணு நாள் போனாதான் எதுவும் சொல்ல முடியும்," என்றார் டாக்டர்.

"ஒரே நாள்ல இத்தினியுமா தின்னுக்குது?" என்றான் தருமன்.

"ஒரு நாள்ல சேந்தது இல்லீங்க இது. பாருங்க, அடியில இருக்கறது எப்டி கறுத்துப் போயிருக்கு. மாசக்கணக்கா சேந்திருக்கு. அடிக்கடி வெளிய விடுவீங்களா?"

"விட மாட்டோமே," என்றான் தருமன். சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தான். அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுடைய பார்வை அவள் பக்கமாகவே கொஞ்சம் கூடுதலாக நின்று, பிறகு விலகியது.

அதன் பிறகு அவன் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை என்று உண்ணாமலைக்கு இருந்தது. தினமும் மருத்துவமனைக்குப் போய் வந்தான். வெள்ளிக்கிழமை வந்தது, போனது. ஆட்டோவைத் தார்ப்பாய் போட்டு மூடினான். சனிக்கிழமை முதல் தேரடித் தெருவில் ஒரு லாட்ஜில் பகல் வாட்ச்மேன் வேலைக்குப் போனான். இருபத்தைந்து வருஷம் தானே ஓட்டிய மனுஷன், யாரோ ஓட்டி வந்த கார்களுக்கு விசில் ஊதி இடம் காட்டினான். தீபத்துக்குள் வண்டியை எடுக்க வழியிருக்கிறதா என்று உண்ணாமலை கேட்கவில்லை. இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

அவள் விரிப்புகளைத் துவைத்தாள். பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள் காம்பவுண்டுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "பதினெட்டாயிரமாமே? அடுத்த பொறப்புல உங்க ஊட்டு நாயாப் பொறக்க சாமிகிட்ட வேண்டிக்கினு இருக்கேன், சொல்லி வை," என்றாள். உண்ணாமலை சிரித்தாள். சிரித்து முடித்துத் திரும்பினால், பின்கதவில் அபிநயா நின்றிருந்தாள்.

"அப்பா தெனம் காலைல போயி அந்தக் கொக்கிய ஆட்டி ஆட்டிப் பாக்குது. நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"நாளைக்கு நாய் வந்துரும். நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

"நானே சொல்றேன்."

"இன்னிக்கி நாளைக்கின்னு தள்ளாதே. அன்னிக்கி ஒன்ன மூஞ்சிக்கு நேரா காட்டிக் குடுத்திருப்பேன். அது அந்த நாய்க்காக உட்டது. ஒனக்காக இல்ல."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரவா வீட்டுக்கு வந்தது. வயிற்றில் தையல், கழுத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் கூம்பு. உள்ளறையில் பழைய விரிப்பு ஒன்றை நாலாக மடித்துப் போட்டு அதில் படுக்க வைத்தார்கள். திட உணவு கூடாது. தருமன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் அரிசிக்கஞ்சித் தண்ணீரை எடுத்து, கடைவாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்கினான். ரவா விழுங்கியது. அபிநயா கடைக்குப் போயிருந்தாள். உண்ணாமலை சுவரோரம் நின்றாள்.

"அன்னிக்கு கேட்டத் தொறந்தது நான்தான்," என்றாள்.

தருமன் சிரிஞ்சில் மிச்சமிருந்ததை முழுவதும் இறக்கி முடித்தான்.

"எத்தினி மாசமா?"

அவன் என்னவோ கத்துவான் என்று எதிர்பார்த்திருந்தவளுக்கு இந்தக் கேள்வி புரியக் கொஞ்ச நேரமாயிற்று.

"ஆடியிலேர்ந்து. அன்னதானம் போடற நாளெல்லாம்."

"டாக்டர் தட்டக் காட்டினப்பவே தோணுச்சு. சேச்சே, நம்மகிட்ட மறைக்கறவ இல்ல அவன்னு நானே சொல்லிக்கினேன்." ரவாவின் வாயோரத்தைத் துண்டால் துடைத்தான். "ஸ்டாண்டுல அத்தினி பேர்கிட்டயும் பீத்திக்கினு இருந்தேன். எம் பொண்டாட்டி ஆயிரம் ரூபால நாய் வளக்கறா, கத்துக்குங்கடான்னு."

"செலவக் கம்மி பண்ணு, இல்லன்னா கொண்டுபோய் உட்டுருவேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். இல்லன்னு சொல்லல."

"வெளிய போனா காட்டுல உடுவேன்னதும் நீங்கதான்."

"அதுவும் நான்தான்." அவன் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவளுக்குப் பதில் பேசச் சுலபமாக இருந்திருக்கும். "காசு போனது போவட்டும். வண்டி நிக்கறதுகூட நிக்கட்டும். இத்தினி நாளா தூக்கம் இல்லாம, அன்னிக்கு என் கை எங்க போச்சு, எப்டி மறந்தேன், வயசாவுதா, மூள கெட்டுப் போச்சான்னு யோசிச்சிக்கினு கெடந்தேன். நீ பக்கத்துலதானே படுத்திருந்தே?"

ரவா கூம்புக்குள்ளிருந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

"அன்னிக்கு ஆஸ்பத்திரில சொல்லியிருந்தா காசு குடுத்திருப்பீங்களா?" என்றாள்.

தருமன் தரையில் கையை ஊன்றி எழுந்தான். ஆணியிலிருந்து சட்டையை எடுத்தான்.

"கேக்கறேன் இல்ல? நான் பண்ண தப்புன்னு தெரிஞ்சிருந்தா, இது பொழைக்கட்டும்னு அந்தப் பதினெட்டாயிரத்த எடுத்திருப்பீங்களா, மாட்டீங்களா?"

அவன் பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டான். பிறகு, படுத்திருந்த நாயை மிதித்துவிடாமல் சுற்றிக்கொண்டு, அறையைவிட்டு வெளியே போனான்.